முதலிடம் விற்பனைக்கு இல்லை

2011 பிப்ரவரி 9, புதன்கிழமை. அமெரிக்காவில் இரவு 7 மணிக்கு, சாம்சோனைட் கைப்பெட்டி வாங்கலாம் என்று கூகுளில் தேடியவர்களுக்கு முதலில் வந்து நின்றது ஜே.சி. பென்னியின் இணையதளம். பெட்டியைத் தயாரிக்கும் சாம்சோனைட்டின் சொந்தத் தளம்கூட அதற்குப் பின்னால்தான். 9 மணிக்கு அதே சொற்களைத் தட்டினால் பென்னி 71-வது இடத்தில் கிடந்தது. வரவேற்பறை மரச்சாமான்களைத் தேடியவர்களும் இதையே பார்த்தார்கள்: 7 மணிக்கு முதலிடம், 9 மணிக்கு 68-வது இடம்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட அந்தக் கடை, பண்டிகைக் காலம் முழுக்க ஆடை, படுக்கை விரிப்பு, மேசை, நாற்காலி என்று எதைத் தேடினாலும் முன்னால் வந்துகொண்டிருந்தது. சந்தேகப்பட்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ், விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஆராய்ந்தது. ஆடைக்கும் மேசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில், பென்னிக்கு ஆயிரக்கணக்கான லிங்குகள் ஒட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. யாரோ காசு கொடுத்துச் செய்த வேலை. தகவல் கூகுளுக்குப் போனது. கூகுள் ஊழியர்களே நேரடியாகத் தளத்தைக் கீழே இறக்கினார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்ற பென்னி, தேடல் ஆலோசனைக்கு வைத்திருந்த நிறுவனத்தை வெளியேற்றியது.

இவ்வளவு நடந்த பிறகும் அந்த வியாபாரம் ஓயவில்லை. இன்று ஒருவர் புதிதாக இணையதளம் தொடங்கினால் போதும். ‘30 நாளில் கூகுள் முதல் பக்கம், உத்தரவாதம்’ என்று மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் வரத் தொடங்கிவிடும். தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை முன்னுக்குக் கொண்டுவரச் செய்யும் வேலைகளுக்கு எஸ்இஓ என்று பெயர். அதில் நேர்மையான, பயனுள்ள பகுதி நிறையவே உண்டு. மந்திரம் போலச் சொல்லி விற்கப்படும் பகுதியும் உண்டு. தளம் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டால், இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில், புவிசார் குறியீடு பெற்ற குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். அங்கே பட்டறை வைத்து விளக்கு வார்க்கும் ஒருவர் தம் பொருளை நேரடியாக விற்க ஒரு தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எழும் சந்தேகங்கள்தான் பல்பொருள் அங்காடிக்காரருக்கும், பள்ளி நடத்துபவருக்கும், சமையல் குறிப்பு எழுதுபவருக்கும் எழுகின்றன.

தேடினால் என் தளமே வரவில்லையே?

கூகுளின் வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதலில் கூகுள்பாட் என்ற மென்பொருள், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் வழியாகப் போய்ப் படிக்கிறது. படித்ததில் தகுதியானதைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அட்டவணையிலேயே ஏறாத பக்கத்துக்கு எத்தனையாவது இடம் என்ற பேச்சே கிடையாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, தளம் உள்ளே இருக்கிறதா என்பதைத்தான்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதித் தேட வேண்டும். பக்கங்கள் வந்தால் கூகுளுக்குத் தளம் தெரியும். ஒன்றுமே வராவிட்டால் இரண்டு காரணங்களை முதலில் சந்தேகிக்கலாம்: தளம் மிகப் புதிதாக இருக்கலாம், அல்லது தளமே கூகுளை வெளியே நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது காரணம் நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணமானது. வேர்ட்பிரஸ் தளத்தின் செட்டிங்ஸ் பகுதியில் ‘ரீடிங்’ என்றொரு பக்கம் இருக்கிறது. அதன் அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. தளம் பாதிக் கட்டுமானத்தில் இருக்கும்போது, அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று டெவலப்பர் அதில் டிக் போட்டு வைப்பார். வேலை முடிந்து தளத்தை ஒப்படைக்கும்போது அதை எடுக்க மறந்துவிடுவார். விளக்குக்காரர் மாதக்கணக்கில் படம் ஏற்றுவார், விலை போடுவார், ஒரு ஆள்கூட வர மாட்டார். அந்த ஒரு டிக்கை எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ரோபாட்ஸ் கோப்பு என்று இன்னொன்று உண்டு. எந்தப் பகுதிக்குள் வரலாம், எதற்குள் வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் இந்தக் குறிப்பேட்டை 1994-ல் மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்தார். அது முறையான இணையத் தரமாக 2022-ல்தான் வெளியானது. அதில் தடை போட்டால் பக்கம் தேடலில் வராது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்தக் கோப்பு படிப்பதைத்தான் தடுக்கிறது. வேறு தளங்கள் லிங்க் கொடுத்திருந்தால், படிக்காத பக்கத்தின் முகவரி மட்டும் தேடலில் வரக்கூடும். ஒரு பக்கம் வரவே கூடாது என்றால் ‘நோஇண்டெக்ஸ்’ குறியை அந்தப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அந்தக் குறியைப் படிக்க கூகுள்பாட்டை உள்ளே விடவும் வேண்டும்.

இதையெல்லாம் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்து, அது தம்முடையதுதான் என்று உறுதிசெய்துவிட்டால் போதும். எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று அதுவே சொல்லும். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்குத் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு 16 மாதங்களுக்குக் கிடைக்கும். தளத்தின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் அங்கேயே கொடுக்கலாம். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும். விளக்குக் கடைக்கு ஒன்றே தாராளம்.

கீவேர்டை எத்தனை முறை போட வேண்டும்?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ பெட்டியில் காற்புள்ளி போட்டு ஐம்பது சொற்களை அடுக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இணையத் தேடலில் தளங்களை வரிசைப்படுத்த அந்தப் பெட்டியைப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்குச் செலவழிக்கும் நேரம் முழுக்க வீண்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தன் அட்டவணையிலிருந்தே தூக்கி எறிந்தது. பழைய கார் என்ற சொல்லை நிரப்பிய பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டி, ஆள் வந்தால் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பக்கங்களை நீக்கிய பிறகே தளம் திரும்பி வந்தது.

அப்படியானால் என்னதான் செய்வது? வாங்க வருபவர் என்ன கேட்பார் என்று யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும். நாச்சியார்கோவில் விளக்குக்காரரிடம் நேரில் வருபவர்கள் கேட்பவை அவருக்கே மனப்பாடம். 3 அடி விளக்கு எத்தனை கிலோ இருக்கும்? பிரபையில் அன்னம் வைத்ததற்கும் வைக்காததற்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம்? தண்டைக் கழற்றி மாட்ட முடியுமா? கறுத்துப்போன பித்தளையை எதைப் போட்டுத் துலக்குவது? கிரகப்பிரவேசத்துக்கு முன் கூரியரில் வந்து சேருமா? கூகுளில் தேடுகிறவர்கள் தட்டுவதும் இவற்றைத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வாயால் சொல்லும் பதிலை அப்படியே எழுதிப் போட்டால், கீவேர்டு தானாக வந்து உட்காரும்.

அடுத்தது தலைப்பு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரியும் வரி அது. ஏராளமான தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் ‘ஹோம்’ என்றோ நிறுவனத்தின் பெயர் மட்டுமோ தலைப்பாக இருக்கிறது. ‘3 அடி நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்கு: எடை, விலை’ என்று வைத்தால், தேடுபவருக்கும் தேடுபொறிக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு வேறாக இருக்க வேண்டும். தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி விவரம் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் அதைப் படித்துத்தான் ஆள் கிளிக் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். சில சமயம் தலைப்பையும் விவரத்தையும் கூகுள் தன் விருப்பப்படி மாற்றிக் காட்டும். அதற்காகப் பதற வேண்டியதில்லை.

படங்களுக்கும் இது பொருந்தும். கேமரா கொடுத்த வரிசை எண்ணோடு ஏற்றிய படத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். படத்துக்குரிய மாற்று உரைப் பெட்டியில் ‘அன்னம் வைத்த பிரபையுடன் பித்தளைக் குத்துவிளக்கு’ என்று எழுதிவிட்டால் தேடுபொறிக்குப் புரியும். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கும் அந்த வரிதான் படம்.

தமிழில் எழுதினால் கூகுளுக்குப் புரியுமா?

யூனிகோடில் எழுதினால் புரியும். தமிழ்த் தளங்களின் பழைய நோயே இங்குதான் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்தின் குறியீட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு உள்ள கணினியில் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறி படித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் டிடிபி மையத்தில் பழைய எழுத்துருவில் தட்டிய விலைப்பட்டியலைத் தளத்தில் ஒட்டப் பார்த்து, எழுத்து உடைந்ததும், அதையே படமாக மாற்றி ஏற்றிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படத்துக்குள் அடைபட்ட எழுத்து, பக்கத்தில் எழுதிய எழுத்துக்கு ஈடாகாது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் பல கிடைக்கின்றன. மாற்றி, ஒருமுறை பிழை திருத்திப் போடுவதே வழி.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. வைக்கலாம், படிக்கிறவரின் மொழிச் சொற்களை முகவரியில் பயன்படுத்துவதைக் கூகுளே ஆதரிக்கிறது. நடைமுறைத் தொல்லை ஒன்று மட்டும் உண்டு. ‘குத்துவிளக்கு’ என்ற சொல் யூனிகோடு கணக்கில் 13 குறிகள். முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறி கலந்த 9 எழுத்துகளாக விரிந்து, ஒரே சொல் 117 எழுத்து நீளத்துக்குப் போய்விடக்கூடும். பார்ப்பவருக்கு ஏதோ வைரஸ் லிங்க் போலத் தெரியும். அதனால் பலர் முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைத்து, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் வைக்கிறார்கள். தரவரிசையில் இதனால் பெரிய லாபமோ நட்டமோ இல்லை.

இன்னொரு சிக்கல், தமிழர்கள் தேடும் விதம். ஒருவர் ‘குத்துவிளக்கு விலை’ என்று தமிழில் தட்டுகிறார். இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். மூன்றாமவர் ‘பிராஸ் லாம்ப்’ என்று ஆங்கிலத்திலேயே கேட்கிறார். நான்காமவர் போனைப் பார்த்துப் பேசிவிடுகிறார். நாள்தோறும் கூகுளுக்கு வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எனவே எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் கொட்டிவைப்பது நடக்காத காரியம். வெளிமாநிலத்திலும் வாங்குபவர் இருந்தால் ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் போட்டு, இரண்டும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்பதை அதற்குரிய மொழிக் குறியில் தெரிவித்துவிடலாம். தமிழ்ப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, படித்துக்கூடப் பார்க்காமல் விடுவதைவிட ஒரே மொழியில் நன்றாக எழுதுவது மேல்.

லிங்க் வாங்கலாமா?

கூகுளின் தொடக்கமே லிங்க்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, கொடுப்பவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். பேஜ்ரேங்க் என்ற அந்த முறையை வைத்தே 1998-ல் நிறுவனம் பிறந்தது. லிங்குக்கு மதிப்பு வந்த நாளிலேயே அதை விலைக்கு விற்கும் சந்தையும் வந்துவிட்டது.

அந்தச் சந்தையை அடக்கக் கூகுள் எடுத்த பெரிய நடவடிக்கை, 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’ மாற்றம். செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் கூட்டம் கூட்டமாகச் சரிந்தன. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2012 ஜனவரியில் இன்னும் சுவையான ஒன்று நடந்திருந்தது. குரோம் பிரவுசரை விளம்பரப்படுத்த, காசு வாங்கி எழுதப்பட்ட பதிவு ஒன்றிலிருந்து குரோம் பக்கத்துக்கு விதியை மீறிய லிங்க் போயிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குரோம் கூகுளின் சொந்தப் பொருள். ஆனாலும் அந்தப் பக்கத்தைக் குறைந்தது 60 நாளுக்குக் கீழே தள்ளிவைத்தது கூகுள்.

விளம்பரத்துக்குக் காசு கொடுப்பது தவறில்லை. அந்த லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ என்றோ ‘நோஃபாலோ’ என்றோ குறியிட வேண்டும் என்பதே விதி. குறியிடாமல் தரவரிசைக்காக வாங்கினால் பிடிபடும்வரை லாபம், பிடிபட்டால் பென்னியின் கதி. விளக்குக்காரருக்கு நேர்வழியே எளிது. கைவினைப் பொருள்களைப் பற்றி எழுதுபவர்கள், ஊர்ச் சுற்றுலாத் தளங்கள், வாங்கிய கோயில்கள், பட்டறையைப் பார்க்க வந்த கல்லூரிகள் என்று தளத்தைக் குறிப்பிடக் காரணம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். வார்ப்பு எப்படி நடக்கிறது, அடித்தட்டு முதல் பிரபை வரை விளக்கின் பாகங்கள் எவை என்று படங்களோடு ஒரு நல்ல பக்கம் இருந்தால், அவர்கள் லிங்க் கொடுக்க ஒரு காரணம் கிடைக்கும்.

‘டொமைன் அத்தாரிட்டி 12-லிருந்து 40 ஆக்கித் தருகிறோம்’ என்று வரும் பேச்சையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்த எண் தனியார் கருவி ஒன்றின் மதிப்பீடு. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால் தண்டனையா?

பெரும்பாலும் இல்லை. ஒரே பக்கம் பல முகவரிகளில் திறப்பது இணையத்தில் சகஜம். கூகுள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். எதைக் காட்ட வேண்டும் என்று தளக்காரருக்கு விருப்பம் இருந்தால் ‘கனானிகல்’ குறியில் சொல்லலாம். ஏமாற்றும் நோக்கத்தோடு பிறர் எழுத்தைத் திருடிக் குவிப்பதுதான் நடவடிக்கைக்கு உள்ளாகும். உற்பத்தியாளர் கொடுத்த ஒரே விவரத்தை நூறு கடைகள் போட்டிருந்தால் தண்டனை வராது. ஆனால் அந்த நூறில் உங்களை முன்னால் நிறுத்தக் காரணமும் இருக்காது.

தளத்தைப் புதுப்பித்தேன், வந்தவர்களைக் காணோம்

நஷ்டம் அதிகமாக நடக்கும் இடம் இது. புது வடிவமைப்பு, புது டொமைன், புது முகவரிகள் என்று எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிடுகிறார்கள். பழைய முகவரிகளுக்கு வருபவர்கள் ‘404, பக்கம் இல்லை’ என்ற செய்தியைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த லிங்குகளின் பலன் அத்தோடு போய்விடுகிறது.

தீர்வு, 301 எனப்படும் நிரந்தரத் திருப்பம். ஒவ்வொரு பழைய முகவரியும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். கூகுள் அதைப் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளலாம். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் கைவிட்டால் திருப்பமும் போய்விடும் என்பதால், அதற்கான ஆண்டுக் கட்டணத்தையும் தொடர்ந்து கட்டிவர வேண்டும்.

வேகம் முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் விற்கப்படும் அளவுக்கு இல்லை. கூகுள் மூன்று அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும். படிக்கும்போது எழுத்தும் படமும் குதித்து இடம் மாறக் கூடாது. நல்ல விவரமுள்ள மெதுவான பக்கத்தை, வேகமான வெற்றுப் பக்கம் வென்றுவிடாது. இரண்டும் சமமாக இருக்கும்போது வேகம் கைகொடுக்கும்.

சிறு தளங்களில் மெத்தனத்துக்கு முதல் காரணம் பெரும்பாலும் படம்தான். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றி, அதைத் தீப்பெட்டி அளவில் காட்டுவார்கள். படத்தைச் சுருக்கி ஏற்றினாலே பாதி நோய் தீரும். கூகுள் இப்போது தளங்களின் போன் வடிவத்தை வைத்தே அட்டவணை போடுகிறது. கணினித் திரையில் மட்டும் அழகாக இருந்து பயனில்லை. 2014 முதல் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பும் ஒரு சின்ன அளவுகோல். அதற்கான சான்றிதழைப் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன.

பக்கத்துக் கடை மேப்பில் முன்னால் வருகிறதே?

‘அருகில் உள்ள பாத்திரக் கடை’ என்று தேடினால் வரைபடத்தோடு மூன்று நான்கு கடைகள் வரும். இதற்கு இணையதளம்கூடத் தேவையில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவு போதும். தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பெயர் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்ற மூன்றையும் வைத்து வரிசை அமைகிறது. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்குச் சரியான வகை, சரியான நேரம், வேலை செய்யும் போன் எண், அண்மைப் படங்கள், வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகளுக்குப் பதில் ஆகியவை உதவும். கடைப் பெயரோடு ‘பெஸ்ட்’, ‘நம்பர் ஒன்’ என்று சேர்ப்பதும், மதிப்புரையைக் காசுக்கு வாங்குவதும் விதிக்கு எதிரானவை. பதிவே முடக்கப்படலாம்.

ஏஐ எழுதிக் கொடுத்ததைப் போடலாமா?

எழுதியது யார், எது என்பதைவிடப் படிப்பவருக்குப் பயன் இருக்கிறதா என்றே பார்ப்போம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. அதைக் கேட்டு, ஒரே நாளில் ஆயிரம் பக்கங்களை உருவாக்கிக் குவித்தவர்கள் பலர். 2024 மார்ச்சில் விதி இறுகியது. தரவரிசைக்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வது, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், ஸ்பேம் என்று அறிவிக்கப்பட்டது. மருத்துவம், பணம் போன்ற விஷயங்களில் கண்டிப்பு இன்னும் கூடுதல். சர்க்கரை நோய்க்கு வீட்டு வைத்தியம் எழுதும் தளத்தில், எழுதியவர் யார், அவருக்கு என்ன தகுதி என்ற வரியாவது இருக்க வேண்டும்.

தேடல் பக்கத்தின் உச்சியிலேயே பதிலைத் தொகுத்துக் கொடுக்கும் ஏஐ சுருக்கத்தைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியாவுக்கும் வந்து தமிழிலும் காட்டப்படத் தொடங்கியது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் யார் வருவார்கள் என்ற கவலை நியாயமானது. ‘தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் எத்தனை கிலோமீட்டர்’ என்பதைப் போன்ற ஒற்றை வரிப் பதிலை நம்பி நடந்த தளங்களுக்கு இது அடிதான். விளக்குக்காரரின் நிலை வேறு. அவரிடம் உள்ள பொருளும், எடையும், விலையும், பட்டறைப் படமும் வேறு எங்கும் கிடைக்காதவை. ஏஐ சுருக்கத்தில் இடம்பெறத் தனி வித்தை எதுவும் தேவையில்லை, வழக்கமான தேடலுக்குச் செய்பவையே போதும் என்பது கூகுளின் நிலைப்பாடு. அதற்கென்று தனிப் பேக்கேஜ் விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கலாம்.

அப்படியானால் ஆள் வைக்கவே வேண்டாமா?

வைக்கலாம். ஆயிரக்கணக்கான பொருள்கள் உள்ள கடைக்கும், டொமைன் மாற்றப்போகிற நிறுவனத்துக்கும் நல்ல எஸ்இஓ நிபுணர் போட்ட காசைத் திருப்பித் தருவார். ஆனால் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. கூகுளில் விளம்பரம் கொடுத்தாலும் வழக்கமான முடிவுகளில் இடம் உயராது. மாற்றங்களைச் செய்து பலன் தெரியவே நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. முப்பது நாள் வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்று இதை வைத்தே முடிவுசெய்துகொள்ளலாம்.

ஆளை அமர்த்துவதற்கு முன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள், ஏன்? லிங்க் சேர்ப்பதாக இருந்தால் எங்கிருந்து? முன்பு வேலை செய்த தளம் ஒன்றைக் காட்ட முடியுமா? பலனை சர்ச் கன்சோல் கணக்கில் காட்டுவீர்களா? ‘அது எங்கள் ரகசியம்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். தவறு கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை தளத்துக்குத்தான். ஆலோசகருக்கு அடுத்த வாடிக்கையாளர் கிடைத்துவிடுவார். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றும் உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். டொமைனையே தம் பெயரில் பதிந்துவைத்துக்கொள்ளும் ஏஜென்சிகளிடமிருந்து அதை மீட்பது பெரும்பாடு.

தளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியவை நான்கு: சர்ச் கன்சோலில் பதிவது, அட்டவணையில் ஏறாத பக்கங்களின் காரணத்தைப் படிப்பது, ‘ஹோம்’ என்று கிடக்கும் தலைப்புகளைத் திருத்துவது, வாடிக்கையாளர்கள் போனில் அதிகம் கேட்கும் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் போடுவது. நான்கிற்கும் ஒரு ரூபாய் செலவில்லை. செய்துவிட்டு நான்கு மாதம் கணக்கைப் பாருங்கள். அதன் பிறகும் வெளி உதவி தேவையென்று தோன்றினால், எதற்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.